கார் விற்றாச்சு, செலான் மட்டும் எனக்கே வருகிறது

ஈரோட்டுக்காரன்:
2014 மாடல் ஸ்விஃப்டை ஜனவரியில் ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேர் மாற்றுவது தன் பொறுப்பு என்றார். நேற்று சேலத்திலிருந்து இ-செலான், சீட் பெல்ட் போடவில்லையாம். வாங்கியவர் போன் ஸ்விட்ச் ஆஃப். புரோக்கரைக் கேட்டால் "பார்த்துக்கலாம் சார்". இன்சூரன்ஸும் என் பேரில்தான் ஓடுகிறது. அதை ரத்து செய்துவிட்டால் தொல்லை விடுமா?

மலைப்பாதை:
ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க. அந்த வண்டி யாரையாவது இடித்தால் நஷ்டஈட்டு வழக்கு ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் பேரைத்தான் தேடி வரும். 2018இல் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் கார் பல கை மாறியிருந்தும், ஆர்.சி.யில் பேர் இருந்தவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பத்திரம்தான்.

சீட் பெல்ட் செலானெல்லாம் சில்லறை விஷயம். ஆனால் அதில் உள்ள போட்டோ, தேதி, இடம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்க.

பழைய_கிளார்க்:
படிவம் 29 வண்டி கைமாறியதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க விற்றவர் கொடுக்க வேண்டியது. ஒரே மாநிலம் என்றால் 14 நாள் கெடு. வாங்கியவருக்கு 30 நாள். கெடு தாண்டினாலும் பரவாயில்லை, புரோக்கரிடம் இருப்பதை நம்பாமல் புதிதாக ஒன்று நிரப்புங்க. பணம் வந்த பாங்க் ஸ்டேட்மென்ட், டெலிவரி நோட், வாங்கியவர் ஆதார் நகல் சேர்த்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்க. "வாங்கினவர் வரணும்" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினால் ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடலாம். அப்புறம் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. மனுவில் வாங்கியவர் பேரும் வண்டியை ஒப்படைத்த தேதியும் கட்டாயம் இருக்கட்டும்.

மலைப்பாதை:
புரோக்கர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்க. 2023 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டவர்களிடம் வண்டி விட்டால் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் 29சி போட வேண்டும். பொறுப்பு அவர்கள் தலையில்.

ஈரோட்டுக்காரன்:
அங்கீகாரமா, அவருக்கு போர்டே கிடையாது! இன்னொன்று: லோன் கட்டி முடித்தேன், ஆனால் ஆர்.சி.யில் பாங்க் பேர் அப்படியே நிற்கிறது.

பழைய_கிளார்க்:
முடிச்சு அங்கேதான் சார். பாங்க் சம்மதம் இல்லாமல் பேர் மாறாது. நாளைக்கே போய் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), ஆர்.சி.யிலிருந்து பாங்க் பேரை நீக்கும் படிவம் 35உம் வாங்குங்க.