பாவசங்கீர்த்தன ரகசியமும் ஒரு கொலை வழக்கும்: அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்

ஃப்ரேசர் டவுன் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. புதுக் கண்ணாடி வரும்வரை அவரால் படிக்க முடியாது. அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஒரு ஆங்கில நாவலை வாசித்து, அவருக்குத் தமிழில் கதையாகச் சொல்கிறேன். சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கியது. பெயரைச் சொன்னால் யாராவது முடிவைச் சொல்லிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை.

கதை 1850களின் நியூயார்க்கில் நடக்கிறது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஒரு தையல்காரப் பெண். அவளை விரும்பும் ஒரு தச்சன். அவர்கள் குடியிருக்கும் விடுதிக்காரர் கொலையாகிறார். பக்கத்தில் தச்சனுடைய உளி கிடக்கிறது. அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உண்மையில் கொன்றவன் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டான், அதாவது தன் பாவத்தை ரகசியமாக அறிக்கையிட்டுவிட்டான். அப்படிக் கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்லக் கூடாது. அவரால் வாய் திறக்க முடியாது.

அந்தப் பெண் கோயிலுக்குப் போய், "சாமி, அவர் செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்கிறாள். அவர் பதில் சொல்லாமல் மெழுகுவத்தித் திரியைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு அவ்வளவு கோபம். ஒரு உயிர் தூக்குக்குப் போகிறது, இவர் திரி கத்தரிக்கிறார்!

அம்மா நிதானமாகச் சொன்னார்: "சாமியார் வேற என்ன பண்ணுவார்? அவர் காதுல விழுந்தது அவர் கேட்டதில்ல, ஆண்டவர் கேட்டது." அம்மா சனிக்கிழமை தவறாமல் சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போகிறவர், செப்டம்பர் 8 திருநாளுக்குக் காவிச் சேலை கட்டுகிறவர். அவர் அப்படிச் சொல்வது புரிகிறது. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் நீதிமன்றம் ஒரு சாமியாரைக் கூண்டில் ஏற்றி, "சொல்லு" என்று கட்டாயப்படுத்தியிருக்காதா? எழுத்தாளர் வசதிக்காக விட்டுவிட்டாரா? இரண்டாவது, இந்த வகை நாவல்களை நிறையப் படித்தவர்களிடம்: கதாநாயகி உருகி ஜெபித்ததும் கொலைகாரன் மனம் மாறி வந்து நிற்பான் என்று முடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் 120 பக்கம் இருக்கிறது.

அல்சூர் வழக்கறிஞர்:

எழுத்தாளர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த வழக்கு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1813ல் நியூயார்க்கில் அந்தோனி கோல்மன் என்ற இயேசு சபைக் குருவிடம் ஒருவர் திருட்டுப் பொருளைக் கொடுத்து, உரியவரிடம் சேர்க்கச் சொன்னார். அவரும் சேர்த்துவிட்டார். யார் கொடுத்தது என்று அதிகாரிகள் கேட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் தெரிந்தது, சொல்ல மாட்டேன் என்று நின்றார். அவர் பக்கம் வாதாடிய வில்லியம் சாம்ப்சன், அயர்லாந்திலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த ஒரு புராட்டஸ்டன்ட்! சொல்லத் தேவையில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1828ல் நியூயார்க் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. ஆக, 1850களில் அந்தச் சாமியாரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது.

இங்கே நிலைமை வேறு. நம்முடைய 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. குருவானவருக்குத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை. 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதுச் சட்டத்திலும் இல்லை. இந்தக் கதை பெங்களூரில் நடந்திருந்தால் சாமியாரே சிறைக்குப் போகவேண்டி வந்திருக்கலாம்.

தாராவி ஜெபராஜ்:

அக்கா, நான் மும்பையிலிருந்து. பூர்வீகம் நாசரேத் பக்கம். எங்கள் சபையில் உங்களைப் போல் தனியாகப் போய்ப் பாவ அறிக்கை செய்கிற வழக்கம் இல்லை, அதனால் சட்டம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மனம் மாறுவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

1860ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் நான்கு வயதுகூட ஆகாத பையன் கொலையானான். துப்பறிய வந்த விச்சர், பையனின் மாற்றாந்தாய் வழி அக்கா கான்ஸ்டன்ஸ் கென்ட்டைச் சந்தேகித்தார். அப்போது அவளுக்கு 16 வயது. சாட்சி போதவில்லை, விட்டுவிட்டார்கள். விச்சரின் பெயர்தான் கெட்டது. 1865ல் அந்தப் பெண் வாக்னர் என்ற ஆங்கிலிக்கன் குருவிடம் உண்மையைச் சொல்லி, தானே போய் நீதிபதி முன்னால் ஒப்புக்கொண்டாள். வாக்னர் தனக்குத் தெரிந்ததை அங்கேயும் சொல்ல மறுத்தார். தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டு 20 வருடம் சிறையில் இருந்தாள். அப்புறம் ஆஸ்திரேலியா போய் செவிலியாக வேலை செய்து, 1944ல் நூறு வயதில் இறந்தாள்.

ஐந்து வருடம் ஆனது, அக்கா. உங்கள் நாவலில் ஒரே இரவில் மாறினால் எனக்கும் பிடிக்காது. ஆனால் அவன் உள்ளுக்குள் அறுபடுவதை முன்னாலிருந்தே காட்டிக்கொண்டு வந்திருந்தால், அதை ஜெபத்தின் மேல் பழி போடாமல் படியுங்கள்.

சிவாஜிநகர் மறைக்கல்வி டீச்சர்:

ஒன்றைச் சேர்க்கிறேன். சாமியார் சும்மா இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். வெளியே ஒரு வார்த்தை, ஒரு சாடைகூடக் காட்டக் கூடாது. 1215ல் கூடிய லாத்தரன் சங்கமே (கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம்) இதில் மிகக் கண்டிப்பு. கொன்றவனிடமே கோயிலுக்கு வெளியே அந்தப் பேச்சை அவராக எடுக்க முடியாது. ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் அவனை அவர் நெருக்கலாம். இன்னொருவன் சாகட்டும் என்று இருப்பவனுக்கு உண்மையான மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கான வருத்தம், இல்லை என்று கண்டால் பாவமன்னிப்பு தராமலே அனுப்பலாம். அவன் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனானா, வெறுங்கையோடு போனானா? அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஃப்ரேசர் டவுன் வாசகி:

டீச்சர், திருப்பிப் பார்த்தேன். "மறுபடி வா" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். நான் வேகமாகக் கடந்துவிட்ட வரி அது. ஜெபராஜ் தம்பி சொன்னதும் மனதில் இருக்கிறது.

கோல்மன் சாமியார் கதையை நேற்று அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். தங்கவயலில் லைன் வீட்டில் (சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்தபோது ஆயாவின், அதாவது என் பாட்டியின், கம்மல் காணாமல் போயிருக்கிறது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க வரும் ஒரு சின்னப் பெண்மேல் பழி விழுந்தது. ஆறு மாதம் கழித்து பங்குச் சாமியார் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "யாருன்னு கேக்காதீங்கம்மா" என்றாராம். உள்ளே கம்மல். ஆயா அதைக் காதில் போடக்கூட இல்லை. நேராக அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது, கூடவே போயிருக்கிறார்.

"அந்தச் சாமியார் ஆறு மாசமும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கிட்டுத்தானே பூசை வச்சிருப்பார்" என்றார் அம்மா. எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்று இரவு மறுபடி தொடங்குகிறோம். திரி கத்தரிக்கிற இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.