புதுப்பிப்பு: அம்மாவின் விழித்திரையை லேசரில் படம் எடுத்தார்கள்

சர்க்கரை நோய்க் கண் பாதிப்பு ஆராய்ச்சிக்காக அம்மாவின் விழித்திரையை லேசரில் படமெடுக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று போய் வந்தோம்.

பெரியப்பாவுக்கு லேசரில் ‘சுட்டது’தான் அம்மாவின் பயம். அது சிகிச்சை. இது சுடாது; மிக மெல்லிய ஒளிக்கதிர் விழித்திரையை வரிவரியாகத் தடவிப் போகிறது, திரும்பும் ஒளியை ஓர் ஊசித்துளை வடிகட்டி வாங்குகிறது. இப்படி வரிவரியாகத் தடவிப் படமெடுப்பது 1980இல் ராபர்ட் வெப் குழு காட்டிய வழி. 2002இல் ஆஸ்டின் ரூர்டா குழு, விண்மீன்களைத் தெளிவாகப் பார்க்க வானியலார் கையாண்ட நெளியும் கண்ணாடியை இதனுடன் சேர்த்தது. அதனால்தான் இன்று ஒற்றைச் செல் வரை தெரிகிறது.

தாடையைத் தாங்கியில் வைத்து, “இமைக்காதீங்கம்மா” என்றார்கள். அப்புறம் திரையைக் காட்டினார்கள். தந்துகிக்குள், அதாவது முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்க்குள், ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. “எறும்பு வரிசை மாதிரி இருக்கே!” என்றார் அம்மா. ஓரிடத்தில் தந்துகிச் சுவர் குட்டி பலூன்போல உப்பியிருந்தது. பார்வை மங்கவில்லை, ஆனாலும் தொடக்கம் அதுதானாம். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போகச் சொன்னவருக்கு நன்றி. சொட்டு மருந்தால் சாயங்காலம் வரை கண் கூசியது. ஆறு மாதம் கழித்து அதே இடத்தை மறுபடி எடுப்பார்கள். அம்மா வரச் சம்மதித்துவிட்டார்.