பணம் போட்டேன் என்கிறார்கள், கணக்கில் வரவில்லை. சேலை விற்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சுங்குடி வீடு, மதுரை:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக வாட்ஸப் குரூப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் கைக்கட்டுச் சுங்குடி (துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் காட்டன் சேலை) விற்கிறேன். முடிச்சுப் போடுவது என் மாமியாரும் எங்கள் தெருவில் இன்னும் நாலு அம்மாக்களும், சாயம் போடுவது வீட்டுக்காரர், படம் எடுத்துப் போட்டு ஆர்டர் வாங்கி பார்சல் கட்டுவது நான். ஒரு சேலை முடிய பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடும். அதனால் ஒரு சேலை ஏமாந்து போனால் எனக்கு வெறும் பணக் கணக்கு இல்லை, மாமியார் விரல் நுனியைப் பார்க்கவே முடிவதில்லை.

இந்த இரண்டு மாதத்தில் மூன்று விஷயம் நடந்துவிட்டது.

முதலாவது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் இரண்டு சேலை கேட்டார், மொத்தம் 6,300 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம், இன்றே அனுப்பினால்தான் ஆச்சு என்று நாலு தடவை போன் பண்ணினார். பச்சை டிக் போட்ட ஸ்கிரீன்ஷாட்டும் வந்தது. கூரியர் கடை ஏழு மணிக்கு மூடிவிடும் என்ற அவசரத்தில் கணக்கைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். காலையில் பார்த்தால் பணமே வரவில்லை. கேட்டதற்கு சர்வர் பிரச்சினை, 24 மணி நேரத்தில் வந்துவிடும் என்றார். பார்சல் அவர் கைக்குப் போன அன்று என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.

இரண்டாவது, படத்தில் பார்த்த கலர் இல்லை என்று ஒன்பது நாள் கழித்து ஒரு சேலை திரும்பி வந்தது. பார்சல் வந்து சேர்ந்ததும் பிரிக்காமலேயே பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன், அப்புறம்தான் பிரித்தேன். பார்டர் ஓரம் முழுக்க வரிசையாக ஊசித் துளை. ஃபால்ஸ் தைத்துக் கட்டிவிட்டு, பிரித்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிச்சு அவிழ்த்த இடத்தில் புதுச்சேலைக்குச் சின்னச் சின்னதாக ஒரு சுருக்கம் புடைத்து நிற்கும், கையை வைத்தாலே தெரியும். அதெல்லாம் அயர்ன் பண்ணிப் படிந்து போயிருந்தது.

மூன்றாவதுதான் பெரிது. சென்னையில் ஒரு துணிக்கடை நடத்துபவர் 14 சேலை எடுத்தார், விற்றதும் தருகிறேன் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. போன் எடுக்கிறார், மரியாதையாகத்தான் பேசுகிறார், பணம் மட்டும் வருவதில்லை.

நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். அவர்கள் மனம் நோகாமல் கறாராக இருப்பது எப்படி? எனக்குப் பணம் கேட்கவே வாய் வருவதில்லை.


ஜமக்காளம் ஈரோடு:

சகோதரி, ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் பார்க்கவே வேண்டாம், அது பணம் இல்லை, ஒரு படம். நிஜ ஆப் மாதிரியே டிக், சத்தம், பெயர் எல்லாம் காட்டுகிற போலி ஆப் வைத்துக்கொண்டு கடைக்கடையாக ஏமாற்றுகிறார்கள். எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீர்கள், பேங்க்கில் இருந்து வந்த மாதிரியே எழுதி சாதாரண நம்பரில் இருந்து அனுப்புகிறார்கள். உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து, மீதி இருப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தபிறகு பார்சலைத் தொட்டால் போதும். எல்லா யூபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்கத்தில் ஒரு எண் உண்டு, அதை டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள். நிஜமாகப் போட்டவர் உடனே அனுப்பிவிடுவார். அந்த எண் உங்கள் ஸ்டேட்மெண்டில் இருந்தால் பணம் வந்தது, இல்லையென்றால் வரவில்லை, அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

நான் வைத்திருக்கும் வாக்கியம் ஒன்றுதான்: "பணம் கணக்கில் ஏறியதும் பார்சல் கிளம்பும், ரசீது அனுப்புகிறேன்." ஆர்டர் எடுக்கும்போதே எல்லோருக்கும் இதை அனுப்பிவிடுவேன், பத்து வருடம் பழகியவருக்கும்தான். எல்லோருக்கும் ஒரே வாக்கியம் என்பதால் யாரும் மனத்தாங்கல் படுவதில்லை, உங்களுக்கும் வாய் வரவேண்டிய அவசியம் இல்லை.

நாளைக்குள் வேண்டும், இன்றே அனுப்பு என்று விரட்டுகிற ஆளிடம் இன்னும் நிதானமாக இருங்கள். உங்களைக் கணக்குப் பார்க்க விடாமல் செய்யத்தான் அந்த அவசரம்.


காமாட்சி விளக்கு:

அக்கா, நான் வீட்டில் இருந்த பழைய கிரைண்டரை ஒரு தளத்தில் விளம்பரம் போட்டேன். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார், ராணுவத்தில் இருக்கிறேன், ஆள் வந்து எடுத்துப் போவான் என்றார். பணம் அனுப்ப ஒரு க்யூஆர் அனுப்பி, இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும் என்றார். நல்லவேளை, என் பையன் பக்கத்தில் இருந்து தடுத்தான். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடவே வேண்டாம், பின் நம்பர் போட்டால் நம் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். தனி ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் க்யூஆர் வழி அப்படியே இருக்கிறது, அதனால் ஜாக்கிரதை.


கோர்ட் வாசல்:

மதுரை அம்மா, மூன்றும் மூன்று வகை, ஒரே மருந்து இல்லை.

போலி ஸ்கிரீன்ஷாட் கொடுத்தது மோசடிக் குற்றம். பழைய 420-க்குப் பதில் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 318. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் பண்ணுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதியுங்கள். ஏமாந்து கையில் இருந்து பணம் போனால் அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயத்தில் போனது சேலை, அதனால் திரும்புவது கடினம், இருந்தாலும் பதியுங்கள், அதே நம்பர் மேல் இன்னும் நாலு புகார் இருக்கலாம். சாட்டை அழிக்கவே அழிக்காதீர்கள். கோர்ட்டில் வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, அது எந்தப் போனில் இருந்து எப்படி எடுத்தது என்று சொல்லும் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கவேண்டும், அதற்கு அந்தப் போனே உங்களிடம் இருப்பது நல்லது. கூரியர் ரசீது, டெலிவரி ஆனதற்கான பதிவு இரண்டையும் இப்போதே வாங்கி வையுங்கள், நாள் போனால் அவர்கள் கணினியில் இருந்தே போய்விடும்.

துணிக்கடைக்காரர் வேறு விஷயம். வாங்கிவிட்டு இழுத்தடிப்பது மட்டுமே குற்றம் ஆகாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினால்தான் போலீஸ் வழக்கு நிற்கும். இது சிவில் பாக்கி, 3 வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். ஆனால் உங்களிடம் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. நீங்கள் வாங்கி விற்பவர் இல்லை, வீட்டிலேயே முடிச்சுப் போட்டு சாயம் போட்டு உற்பத்தி செய்கிறீர்கள். உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? 2006-ம் வருடத்துச் சிறு குறு தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசுத் தளத்தில் மனுப் போட்டால், இந்தப் பாக்கித் தகராறுகளைப் பார்க்கிற வசதிக் குழுமம் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது கிடையாது. பதிவு இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், அரசுத் தளத்தில் இலவசம், பணம் கேட்கிற தளங்களுக்குப் போகாதீர்கள். பதிவுக்கு முன்னால் கொடுத்த சரக்குக்கு இது செல்லுமா என்பதில் தகராறு வரும், அதனால் அந்த 14 சேலைக்கு முதலில் எழுத்தில் கணக்கு அனுப்பி, "ஆமாம், இவ்வளவு பாக்கி" என்று ஒரு வரி அவர் கையால் வாங்கிவிடுங்கள். மரியாதையாகப் பேசுகிற ஆள் என்கிறீர்களே, அந்த வரியைத் தந்துவிடுவார்.

திரும்பி வந்த சேலைக்கு ஒன்று சொல்லவேண்டும், கேட்க உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆன்லைன் வியாபார விதிகள் 2020 படி, பழுதான பொருளையோ, சொன்னதற்கு மாறான பொருளையோ திருப்பி எடுக்கமாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது. 'ரிட்டர்ன் கிடையாது' என்று பெரிதாகப் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். கலர் நிஜமாகவே வேறாக இருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் கட்டிய சேலையை எடுக்கவேண்டியதில்லை, அதைக் காட்டத்தான் உங்களிடம் ஆதாரம் வேண்டும்.


பனியன் கம்பெனி தம்பி, திருப்பூர்:

அந்த ஆதாரம் பற்றி நான் சொல்கிறேன் அக்கா, இதில் அடிபட்டவன். பேக்கிங் பண்ணுவதை ஒரே வீடியோவாக எடுங்கள், வெட்டக்கூடாது: பொருள், குறைபாடு இல்லை என்று இரண்டு பக்கமும், எடை மெஷினில் வைத்து எண், ஒட்டிய முகவரி, கடைசியாக டேப். திரும்பி வரும் பார்சலையும் இதே மாதிரி வீடியோ எடுத்துக்கொண்டேதான் பிரிக்கவேண்டும், பிரித்துப் பார்க்கும்வரை ஒரு பைசா திருப்பக்கூடாது. எனக்கு ஒரு தடவை ஆறு டீஷர்ட் போன பார்சலில் பழைய துணி வந்தது. போகும்போது இருந்த எடையும் வரும்போது இருந்த எடையும் கூரியர் ரசீதில் வேறு வேறாக இருந்ததால்தான் பிழைத்தேன்.

அப்புறம் சிஓடி, அதாவது பார்சல் கைக்கு வரும்போது பணம் கொடுப்பது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த மூன்றும் நடந்தபிறகு யாராவது வந்து சிஓடிக்கு மாறிவிடுங்கள் என்பார்கள், அதனால் சொல்கிறேன். போன தீபாவளிக்கு 40 பார்சல் சிஓடியில் அனுப்பினேன், 13 திரும்பி வந்தது. போகும் காசும் வரும் காசும் என் தலையில், அந்தச் சரக்கு மூன்று வாரம் லாரியிலேயே சுற்றியதில் பண்டிகையும் முடிந்துவிட்டது. யாரும் திட்டம் போட்டு ஏமாற்றவில்லை, ராத்திரி ஆசையில் ஆர்டர் போட்டுவிட்டு டெலிவரி பாய் வரும்போது மனசு மாறிவிடுகிறது, அவ்வளவுதான். இப்போது சிஓடி என்றால் 150 ரூபாய் முன்பணம் வாங்குகிறேன், விலையில் கழித்துக்கொள்கிறேன். அந்த 150 போடாதவர் பார்சலையும் வாங்கமாட்டார் என்பது என் அனுபவம். அனுப்பும் நாள் காலையில் ஒரு போன், முகவரியில் ஒரு அடையாளம், அது போதும்.


கரூர் பெட்ஷீட்:

ஒன்றே ஒன்று. பணம் கூடுதலாக வந்தாலும் பயப்படுங்கள். 2,000 ரூபாய் ஆர்டருக்கு எனக்கு 20,000 வந்தது, தவறிப் போட்டுவிட்டேன், மீதியை இந்த வேறு நம்பருக்கு அனுப்புங்கள் என்றார். பாவம் என்று அனுப்பிவிட்டேன். பத்து நாளில் என் கணக்கே முடங்கியது. அது வேறு மாநிலத்தில் யாரிடமோ திருடிய பணமாம். பள்ளிக்கூடக் கட்டணம் கட்டமுடியாமல் ஐந்து வாரம் தவித்தோம். பேங்க்கில் புகார் எண்ணும், எந்த ஊர் போலீஸ் என்பதும் கேட்டு வாங்கி, பில், சாட், கூரியர் ரசீது எல்லாம் மெயிலில் அனுப்பித்தான் திறந்தது. சந்தேகப்பட்ட தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள், 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் அப்படி உத்தரவு போட்டது. கூடுதல் பணம் வந்தால் நீங்களாக எங்கேயும் அனுப்பாதீர்கள், அவர் பேங்க் மூலம் கேட்கட்டும், வந்த கணக்குக்கே திரும்பட்டும்.


சுங்குடி வீடு, மதுரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஈரோடு அண்ணன் சொன்ன வாக்கியத்தை இன்று நாலு பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு அம்மா "இப்படித்தான் இருக்கணும்மா" என்று பதில் போட்டார். 1930-க்குப் போன் பண்ணிப் புகார் எண் வாங்கிவிட்டேன்.

சென்னைக்காரருக்கு 14 சேலையின் கணக்கும் தேதியும் எழுதி அனுப்பினேன். "சரிம்மா, 38,500 தரணும், அடுத்த மாதம் பாதி" என்று அவரே எழுதிவிட்டார். பணம் வந்தால்தான் நிஜம், இருந்தாலும் நாலு மாதத்தில் முதல்முறையாக ஒரு எண்ணை அவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் பெயரில் உத்யம் பதிவும் நேற்று முடிந்தது.

திருப்பூர் தம்பியிடம் ஒரு சந்தேகம். கட்டிவிட்டுத் திருப்பாமல் இருக்க டேக் போடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் மெல்லிய காட்டன், குத்தினால் ஓட்டை நின்றுவிடும். மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார்.


பனியன் கம்பெனி தம்பி, திருப்பூர்:

துணியில் குத்தாதீர்கள் அக்கா. முந்தியில் குஞ்சம் கட்டி அனுப்புகிறீர்கள் என்றால் நடுவில் இரண்டு குஞ்சத்தைச் சேர்த்து பிளாஸ்டிக் லாக் டேக் போடுங்கள், ஒருதடவை பூட்டினால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு அட்டை வையுங்கள், விசேஷத்துக்கு அதைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். அட்டையில் தமிழிலேயே "இதை வெட்டினால் திருப்பி எடுக்க இயலாது" என்று எழுதி, பேக்கிங் வீடியோவில் அந்த அட்டை தெரிகிற மாதிரி காட்டிவிடுங்கள். கலர் சரியா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க அட்டை தடையாக இருக்காது, நல்ல வாடிக்கையாளருக்கு ஒரு குறையும் இல்லை. லாக் டேக் இங்கே நூறு எண்ணமாகக் கட்டிக் கிடைக்கும், வேண்டுமானால் சொல்லுங்கள், அடுத்த பார்சலோடு போட்டு அனுப்புகிறேன்.