பக்டெயில் ஜிக் போட்டால் மும்பையில் நாக்கு மீன் எடுக்குமா?

செம்பூர்_தூண்டில்:
நியூ ஜெர்சியில் இருக்கும் என் மச்சான் போன முறை வந்தபோது ஒரு டப்பா பக்டெயில் ஜிக் என்கிற செயற்கை இரை கொடுத்துவிட்டுப் போனார். ஈயத் தலை, பின்னால் மான் வால் முடி, அரை அவுன்சிலிருந்து இரண்டு அவுன்ஸ் வரை இருக்கிறது. அங்கே கோடையில் கழிமுகத்துக்குள் வரும் ஃப்ளவுண்டர் என்கிற சப்பை மீனுக்கு இதைத்தான் போடுவார்களாம். நான் தூத்துக்குடிக்காரன், தங்கூசி என்கிற நைலான் நரம்பில் தூண்டில் முள் கட்டி, இறால் குத்திக் கையால் பிடித்துத்தான் பழக்கம். மனோரி, மட் கடற்கரைப் பக்கம் இதைப் போட்டால் நாக்கு மீன் எடுக்குமா? சந்தையில் லெப்டி என்று விற்கிறார்களே, அந்தச் சப்பை மீனைத்தான் கேட்கிறேன். எந்த எடை, எப்படி இழுப்பது, தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

வசாய்_கரை:
தம்பி, லெப்டிக்கு இது ஆகாது. அதற்கு வாய் ரொம்பச் சின்னது, சேற்றில் புழுவும் பொடி இறாலும் பொறுக்கித் தின்னும், ஓடுகிற இரையைத் துரத்தாது. உங்கள் மச்சான் சொல்லும் ஃப்ளவுண்டர் வேறு ரகம். இரண்டு கண்ணும் மேல்பக்கம் வைத்துக்கொண்டு மணலுக்குள் புதைந்து கிடக்கும், தலைக்கு மேல் குஞ்சு மீன் போனால் பாய்ந்து பிடிக்கும், வாயும் பெரியது, பல்லும் உண்டு. நம் பக்கம் அதற்கு ஈடு எருமை நாக்கு, ஆனால் அது பெரும்பாலும் படகுக்காரர்கள் வலையில் வருகிற மீன், கரையிலிருந்து கிடைப்பது அபூர்வம். அதற்காக ஜிக்கைப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். மணலில் பதுங்குகிற தட்டைத் தலை மீன் எடுக்கும், ராவஸ் (நம் ஊர்க் காலா மீன்) எடுக்கும், பாறை ஓரமாகப் போட்டால் கொடுவாவும் எடுக்கும்.

முலுண்ட்_ரீல்:
மேலே அண்ணன் சொன்னது சரி. நான் எடையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் கோட்டை விடுவது அங்கேதான். இந்த ஜிக் அடியைத் தொட்டுக்கொண்டே வரவேண்டும், தொடவில்லை என்றால் எவ்வளவு நல்ல முடி கட்டியிருந்தாலும் வீண். மும்பையில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நான்கைந்து மீட்டர் வித்தியாசம் வரும், கழிமுகத்தில் இழுப்பு பயங்கரமாக இருக்கும், அப்போது ஒரு அவுன்ஸ் அப்படியே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் அஷ்டமி, நவமி ஒட்டிய நாளாகப் பாருங்கள், அதிலும் நீர் நின்று திரும்பும் நேரத்துக்கு முன்னும் பின்னும். அடியைத் தொடும் எடைகளில் எது மிகக் குறைவோ அதையே கட்டுங்கள். நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக வீசி, தரையில் விழுந்ததும் நரம்பு தொய்யாமல் பிடித்து, ராடு நுனியை அரை அடி தூக்கி இறக்கினால் போதும். மீன் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் கவ்வும், வெட்டி இழுப்பது போல இருக்காது, திடீரென்று கனமாகும், அவ்வளவுதான். கனம் தெரிந்தால் ராடைத் தூக்கி முள்ளை ஏற்றுங்கள்.

இங்கே தண்ணீர் எப்போதும் கலங்கல், நியூ ஜெர்சி மாதிரி பார்த்து எடுக்கிற வாய்ப்பு குறைவு. முள்ளில் கணவாயை விரல் நீளத்துக்கு மெல்லிய நாடாவாக வெட்டிக் குத்துங்கள், வாசனைக்கு வரும். தடிமனாக வெட்டினால் ஜிக் சுழலும்.

செம்பூர்_தூண்டில்:
ரொம்ப நன்றி அண்ணே. முடி கொட்டிப் போனால் இங்கே மான் முடி கிடைக்குமா?

வசாய்_கரை:
அதைத் தேடவே தேடாதீர்கள். அமெரிக்காவில் அது வெள்ளைவால் மானின் வால், அங்கே சட்டப்படி வேட்டையாடுகிறார்கள். நம் புள்ளிமான், கடமான் உறுப்பு எதை வாங்கினாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம், யாராவது விற்கிறேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். வெள்ளாட்டு வால் முடியை வாங்கிக் கழுவிக் காயவைத்து, நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே கொஞ்சம் பசை வைத்தால் தண்ணீரில் நன்றாகவே அசையும். வெள்ளையே போதும், சாயம் வேண்டுமானால் எலுமிச்சைப் பச்சை.

இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் ஜிக்கை நல்ல தண்ணீரில் அலசி முடி முழுக்கக் காய்ந்த பிறகு டப்பாவை மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் அடுத்த முறைக்குள் முள் துருப்பிடித்திருக்கும்.