தெ கிரிகோ வட்டத்து ஓவியங்களுக்கு ஒரு பெயர்: ‘அப்பாலை ஓவியம்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ தெ கிரிகோவும் அவர் வட்டத்தினரும் வரைந்த படங்களை ‘பித்தூரா மெட்டாஃபீசிகா’ என்பார்கள். மெட்டாஃபிசிக்ஸ் என்பது புலன்களுக்கு எட்டாத உண்மையை ஆராயும் மெய்யியல் துறை. அந்த ஓவியத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்ற நம் பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘பித்தூரா மெட்டாஃபீசிகா’வுக்கு மீவியற்பியல் ஓவியம் என்று போட்டுவிடலாம். மெட்டாஃபிசிக்சுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே.

இருக்கிறதுதான் ஐயா. ஆனால் ஒரு படத்தின் கீழே அதை எழுதிப் பாருங்கள். தெ கிரிகோ 1917-இல் இத்தாலியின் ஃபெர்ராரா நகரில் வரைந்த படம்: வெறிச்சோடிய சதுக்கம், நடுவில் பலகைத் துண்டுகளையும் மூலைமட்டங்களையும் அடுக்கிக் கட்டிய ஓர் உருவம், உச்சியில் கண்ணும் மூக்கும் இல்லாத பொம்மைத் தலை. தலைப்பு ‘இல் கிராந்தே மெட்டாஃபீசிகோ’. உங்கள் சொற்படி இது ‘பெரும் மீவியற்பியலாளர்’ ஆகிவிடும். யாரோ நோபல் பரிசு வாங்கப் போகிறார் என்றுதான் வாசகர் நினைப்பார். இயற்பியல் என்றதும் நமக்குப் பள்ளிக்கூடத்து விசையும் ஊசலும்தான் நினைவுக்கு வருகின்றன. மெய்யியல் நூலில் அந்தச் சொல் தாக்குப்பிடிக்கும், ஓவியத்தில் பிடிக்காது.

இன்னொரு சிக்கல் ‘மீ’யில் இருக்கிறது. கனவையும் நனவையும் கலந்த சர்ரியலிச இயக்கத்துக்கு மீயதார்த்தம் என்று பலரும் எழுதிவிட்டோம். இரண்டுக்கும் ‘மீ’ போட்டால் இரண்டும் ஒன்றே என்று ஆகிவிடும். தெ கிரிகோவின் ‘காதல் கீதம்’ 1914-இல் வரைந்தது. அதில் அப்போலோவின் பளிங்குத் தலை, பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கும் ரப்பர் கையுறை, கீழே ஒரு பச்சைப் பந்து, பின்னால் ரயிலின் புகை. அந்த இயக்கத்தை நடத்திய பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனின் முதல் மீயதார்த்த அறிக்கை வந்தது 1924-இல். பின்னால் பெல்ஜிய மீயதார்த்த ஓவியர் மாக்ரித் ‘காதல் கீதம்’ படத்தின் அச்சுப்பிரதியைப் பார்த்துத்தான் திகைத்துப் போனார். முன்னோடிக்கு வாரிசின் பெயரை வைப்பது முறையாக இல்லை. தெ கிரிகோவைப் பிரெத்தோன் கூட்டம் முதலில் தலையில் தூக்கி வைத்ததும், பழைய செவ்வியல் பாணிக்குத் திரும்பிவிட்டார் என்று 1920-களின் பிற்பகுதியில் வசைபாடி ஒதுக்கியதும் தெரிந்த கதை.

‘புதிரோவியம்’ என்று தோழி ஒருவர் முன்வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. தெ கிரிகோவை மட்டும் வைத்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 1910-இல் ஃப்ளோரன்சின் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் உடல்நலம் தேறிவந்த சமயத்தில் உட்கார்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதிலிருந்து பிறந்த படத்தின் பெயர் ‘இலையுதிர்காலப் பிற்பகலின் புதிர்’. அப்புறம் ‘ஆரூடத்தின் புதிர்’, ‘நேரத்தின் புதிர்’, ‘ஒரு நாளின் புதிர்’ என்று வரிசையாகப் புதிர்கள். 1911-இல் வரைந்த தன்னுருவப் படத்தின் அடியில், புதிரை அல்லாமல் வேறு எதை நேசிப்பேன் என்று லத்தீனில் எழுதியும் வைத்தார்.

ஆனால் நாம் பெயர் தேடுவது ஒருவருக்கு அல்ல, ஒரு வட்டத்துக்கு. இத்தாலிய ஓவியர் கார்லோ கர்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-இல் எதிர்காலவிய (ஃப்யூச்சரிச) ஓவியர்களின் அறிக்கையில் கையெழுத்திட்டு, வேகம், இயந்திரம் என்று முழங்கியவர். 1917-இல் போர்க்காலத்தில் ஃபெர்ராராவின் ராணுவ மருத்துவமனையில் தெ கிரிகோவைச் சந்திக்கிறார். இருவரும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் வரைகிறார்கள். ஆனால் கர்ராவுக்குப் புதிரில் அவ்வளவு நாட்டமில்லை. சாதாரணப் பொருள்களின் எளிமையும் நிறையும்தான் அவர் கண்ணில் பட்டன. இடைக்கால இத்தாலிய ஓவியர் ஜொத்தோவின் பழைய சுவரோவியங்களுக்குத் திரும்பிப் போகிற மனம் அது. பொலோஞ்ஞா நகரில் இருந்த ஓவியர் மொராந்தியோ 1918 முதல் 1920 வரை மட்டும் இந்தப் பாணியைத் தொட்டார். ஒரு பெட்டி, ஒரு புட்டி, ஒரு பொம்மைத் தலை, அவற்றின் கச்சிதமான நிழல். அதில் எதைப் புதிர் என்பது? அவிழ்க்க வேண்டியது ஒன்றுமே இல்லை. மொராந்தியின் புட்டியைப் புதிர் என்று அழைத்தால் பார்ப்பவர் விடை தேடத் தொடங்கிவிடுவார். அந்தப் படத்துக்கு அதைவிடப் பெரிய தீங்கு செய்ய முடியாது.

ஆகவே என் பரிந்துரை ‘அப்பாலை ஓவியம்’. மெட்டாஃபிசிக்சுக்கு அப்பாலைத் தத்துவம் என்ற வழக்கும் இருக்கிறது, நான் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. தலைப்புகளில் வைத்துப் பார்த்தேன்: ‘அப்பாலை அறிஞர்’, கர்ராவின் ‘அப்பாலைக் கலைத்தேவி’, தெ கிரிகோவின் படத்தில் படத்துக்குள் படமும் ஃபெர்ராராவின் பிஸ்கட்டுகளும் அடைந்து கிடக்கும் ‘பெரிய அப்பாலை உள்ளறை’. எதுவும் உறுத்தவில்லை.

> அப்பால் என்றால் மேலுலகம், கடவுள் என்று போய்விடாதா? கடவுள் இறந்துவிட்டார் என்ற நீட்சேயைப் படித்து வளர்ந்த தெ கிரிகோவுக்கு இது ஒட்டுமா?

நல்ல கேள்வி. மியூனிக்கில் படித்த நாளில் சுவிஸ் ஓவியர் பொக்லினின் படங்களும் ஜெர்மன் மெய்யியலாளர்கள் நீட்சே, ஷோப்பனாவர் ஆகியோரின் எழுத்துகளும் தெ கிரிகோவை ஆட்டிப்படைத்தன. அவருடைய ‘அப்பால்’ வானத்தில் இல்லை. கையுறை கையுறையாகவே இருக்கிறது, பந்தும் பந்துதான். அன்றாடம் அவற்றைக் கோத்து வைத்திருக்கும் தொடர்பு அறுந்துபோகும்போது அந்தப் பொருளுக்குள்ளிருந்தே ஓர் அந்நியம் எட்டிப்பார்க்கிறது. அவ்வளவுதான் அவர் சொன்ன மெட்டாஃபிசிக்ஸ். நம் சொல் இதைத் தாங்குமா என்றால், தாங்கும். ‘உள்ளிருக்கும் அப்பாலைக்கு அப்பாலை’ என்று திருவம்மானையில் மாணிக்கவாசகர் பாடுகிறார். பக்தி அது, வேறு வழி. ஆனால் அப்பாலை உள்ளே இருக்க முடியும் என்பதைத் தமிழ் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது. ‘கடந்த’, ‘அதீத’ என்று தொடங்கும் சொற்களில் எனக்கு இந்த வசதி தெரியவில்லை. அவை வெளியே மட்டுமே போகின்றன.

இன்னொரு நண்பர் தனிமடலில் ‘அப் பாலை’ என்று பிரித்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். ஆள் நடமாட்டமில்லாத வெளி, பிரிவு, புறப்படும் ரயில், ‘புறப்பாட்டின் துயர்’ என்ற தலைப்பு, எல்லாம் பாலைத் திணைதான் என்கிறார். அழகாகத்தான் இருக்கிறது. தெ கிரிகோவின் தந்தை ரயில்பாதைப் பொறியாளர். கிரேக்கத்தின் வொலோசில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்து, ஏதென்ஸ், மியூனிக், மிலான், ஃப்ளோரன்ஸ், பாரிஸ் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தவருக்குப் பிரிவு பொருந்தும். ஆனால் பாலையின் சிறுபொழுது நண்பகல். நண்பகலில் நிழல் காலடியில் சுருண்டுவிடும். தெ கிரிகோவின் நிழல்களோ சதுக்கத்தைத் தாண்டி நீள்கின்றன. அது எல் (சூரியன்) படும் நேரம், நெய்தலின் பொழுது. எனவே சிலேடையை ரசிப்போம், விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்.

‘பள்ளி’ என்று சிலர் எழுதுவதை ‘வட்டம்’ என்று மாற்றக் கோருகிறேன். எதிர்காலவியர்களைப் போலக் கூட்டாகக் கையெழுத்திட்ட அறிக்கை இவர்களுக்கு இல்லை. தெ கிரிகோ, அவர் தம்பி சவீனியோ (எழுத்தும் இசையும் முதலில், ஓவியம் பிறகுதான்), ஃபெர்ராராவின் இளங்கவி தெ பிசிஸ், கர்ரா, தூரத்தில் மொராந்தி. இவர்களை ஓரளவு சேர்த்துக் காட்டியது 1918-இல் ரோமில் மாரியோ பிரோலியோ தொடங்கிய ‘வலோரி பிளாஸ்டிச்சி’ இதழ். 1919-இல் கர்ரா ‘பித்தூரா மெட்டாஃபீசிகா’ என்ற பெயரிலேயே நூல் வெளியிட, யார் முதலில் என்ற சண்டையில் நட்பு முறிந்தது. 1913-லேயே பாரிசில் கவிஞர் அப்போலினேர் தெ கிரிகோவின் படங்களை இதே அடைமொழியால் குறித்துவிட்டார் என்பதால் என் வாக்கு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

மீதி இருப்பது இந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் முகமற்ற பொம்மைக்கு ஒரு பெயர். ‘முகமிலி’ என்ற முன்மொழிவுக்கு நல்ல பின்புலம் உண்டு. கண்ணும் மூக்கும் காதும் இல்லாத குழலூதி ஒருவன் அப்போலினேரின் 1914 கவிதை ஒன்றில் வருகிறான். ஆனாலும் எனக்குப் பாதி மனம்தான். தெ கிரிகோவின் ‘கலங்கடிக்கும் கலைத்தேவியர்’ படத்தில் ஃபெர்ராராவின் எஸ்தே கோட்டைக்கு முன்னால் நிற்கும் உருவத்தின் முதுகையும் தலையையும் பாருங்கள். தையல் தெரிகிறது, பாதி உடல் கல்தூண். வேறு படங்களில் முட்டுக் கொடுத்த கட்டைகளும் உண்டு. 1919-இல் தெ கிரிகோவின் ரோம் கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் ரொபெர்த்தோ லோங்கி, முடநீக்கியல் தெய்வத்துக்குப் படையல் என்ற பொருளில் தலைப்பிட்டு நக்கலடித்ததும் இந்த முட்டுகளைப் பார்த்துத்தான். முகம் இல்லாததைச் சொல்லும் சொல்லைவிட, தைத்துக் கட்டிய உடம்பைச் சொல்லும் சொல் வேண்டும். ‘தையற்பொம்மை’ என்றால் குழந்தை விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. அளவு பார்க்க நிறுத்தி வைக்கும் உடற்பொம்மைக்குத் தையற்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதுவரை நம் சொற்பட்டியலில் ‘மானெக்கின்’ என்றே இருக்கட்டும்.

அன்புடன்