ஒலிப்பாடம் கேட்டே தமிழ் பேசப் பழகலாமா? "நீர் அருந்துகிறேன்" வேண்டாம், "தண்ணி குடிக்கிறேன்" வேண்டும்

பொத்தோங் பாசிர்க்காரன்:

தமிழ் அறவே தெரியாத ஒரு பெண்ணுக்காகக் கேட்கிறேன். மாண்டரினும் ஆங்கிலமும் பேசுபவர். ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி காதில் விழுந்து பழக்கம். ஆறு மாதத்தில் தமிழ்க் குடும்பத்து மருமகள் ஆகப்போகிறார். வீட்டுப் பெரியவர்களோடு நாலு வார்த்தை பேச வந்தால் போதும், எழுதப் படிக்க இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். வகுப்புக்குப் போக நேரமில்லை. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் போக 35 நிமிடம், வர 35 நிமிடம் கிடைக்கிறது.

இணையத்தில் கிடைத்த ஒலிப்பாடம் ஒன்றை மூன்று வாரம் கேட்டார். இப்போது "நான் நீர் அருந்துகிறேன்", "நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?" என்று செய்தி வாசிப்பதுபோல் பேசுகிறார். பதிலுக்கு யாராவது "எங்க போறீங்க?" என்று கேட்டால் விழிக்கிறார். கோளாறு பாடத்திலா, கேட்கும் முறையிலா? நாமே பதிவு செய்து கொடுப்பதென்றால் எப்படிச் செய்வது?

குற்றியலுகரம்:

பாடத்தில்தான். அது எழுத்துத் தமிழை வாசித்துக் காட்டும் பாடம். பேசக் கற்றுக்கொடுக்கும் பாடமா என்று இரண்டு நிமிடத்தில் சோதிக்கலாம். மூன்று சொற்களைத் தேடிக் கேளுங்கள்: "இருக்கிறது" வருகிறதா "இருக்கு" வருகிறதா, "அவர்கள்" வருகிறதா "அவங்க" வருகிறதா, "வேண்டும்" வருகிறதா "வேணும்" வருகிறதா. மூன்றில் இரண்டு எழுத்து வடிவமாக இருந்தால் மூடிவைத்துவிடுங்கள். எண்களும் நல்ல சோதனை. "ஐந்து, ஒன்பது" என்று சொல்லிக்கொடுக்கும் பாடத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனால் "அஞ்சு, ஒம்பது" பிடிபடாது.

மூன்று வாரம் முழுக்க வீண் என்று நினைக்க வேண்டாம். எழுத்து வடிவத்திலிருந்து பேச்சு வடிவத்துக்குப் போகும் பாதை ஒழுங்கானது, சில மாற்றங்களைக் காட்டிவிட்டால் போதும். செல்கிறேன், அருந்துகிறேன் போன்ற சொற்களைத் தூக்கிவிட்டு போறேன், குடிக்கிறேன் என்று வைக்க வேண்டும். முடிவில் வரும் "-கள்" போய் "-ங்க" ஆகும்: வாருங்கள், வாங்க, சொல்லுங்கள், சொல்லுங்க. "ற்ற" என்பது "த்த" ஆகும்: நேற்று, நேத்து, காற்று, காத்து. "ன்ற" என்பது "ண்ண" அல்லது "ன்ன" ஆகும்: ஒன்று, ஒண்ணு, நின்றேன், நின்னேன். இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் எழுத்தில் இ, உ இருந்து அடுத்த எழுத்தில் அ அல்லது ஐ வந்தால், இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இடம், எடம். இலை, எல. உடம்பு, ஒடம்பு. உனக்கு, ஒனக்கு. இது தெரியாதவர் "எடம்" என்ற சொல்லை அகராதியில் தேடிக்கொண்டே இருப்பார்.

பாடத்தைப் பதிவு செய்தவர் எந்த ஊர் வழக்கில் பேசுகிறார் என்றும் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழில் "வாறன், கதைக்கிறன்" என்று வரும். அழகான தமிழ்தான், ஆனால் புகுந்த வீடு "வர்றேன், பேசுறேன்" வீடாக இருந்தால் தொடக்கத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

ஒலிக்கூடம்:

சொந்தமாகப் பதிவு செய்வது பற்றி. பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "மெதுவாச் சொல்லுங்க" என்று கேட்டவுடன் தமிழர் யாராக இருந்தாலும் எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். "சாப்டீங்களா" என்பது "சாப்... பிட்... டீர்... களா" ஆகிவிடும். ஆகவே இயல்பான வேகத்திலேயே பதிவு செய்து, கேட்கும்போது செயலியில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து 1-க்குப் போய்விட வேண்டும்.

ஒரு கோப்பில் 12 வாக்கியங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் இந்த வரிசை: ஆங்கிலத்தில் பொருள், 4 விநாடி மௌனம், தமிழ் வாக்கியம், 3 விநாடி மௌனம், மறுபடி தமிழ் வாக்கியம். கணக்குப் போட்டால் வாக்கியத்துக்கு ஏறத்தாழ 13 விநாடி. 12 வாக்கியத்தையும் வரிசை மாற்றி இரண்டாம் முறையும் வைத்தால் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடும். அந்த 4 விநாடி மௌனம்தான் பாடமே. அதில் அவர் வாயைத் திறந்து சொல்லிப்பார்க்க வேண்டும். ரயிலில் கூச்சமாக இருந்தால் சத்தமில்லாமல் உதட்டையும் நாக்கையும் அசைத்தாலாவது போதும். மௌனம் இல்லாத பாடத்தை நூறு முறை ஓடவிட்டாலும் காதுக்குப் பழகும், வாய்க்கு வராது.

நீளமான சொல்லை வாலிலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள். "ங்களா", "டீங்களா", "சாப்டீங்களா", "சாப்பாடு சாப்டீங்களா". தமிழில் யார், எப்போது, கேள்வியா, மரியாதையா எல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. முன்னாலிருந்து கட்டினால் வால் வருவதற்குள் மூச்சு முடிந்து, அதைத்தான் முதலில் விழுங்குவார்கள்.

திரும்பக் கேட்கும் இடைவெளியைப் பற்றி மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் பிம்ஸ்லர் 1967-இல் எழுதிய கட்டுரையில் ஓர் அட்டவணை இருக்கிறது: 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள் என்று நீண்டுகொண்டே போகும். முதல் நான்கும் ஒரே ரயில் பயணத்தில் அடங்கிவிடும். மதிய உணவு வேளையில் ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை, மறுநாள் காலை புதுக் கோப்புக்கு முன் ஒரு தடவை. விநாடி பிசகாமல் பார்க்க வேண்டியதில்லை. ஒரே கோப்பை ஒரே நாளில் பத்து முறை கேட்பதுதான் பிழை.

ஆங்கில எழுத்தில் தமிழ் வாக்கியத்தை எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட்டு எழுதினால் வாழைப்பழம் வாஸைப்பஸம் ஆகிவிடும். கேட்டதையே கெடுக்கும் வேலை அது.

இருமொழிக்காரி:

மாண்டரின் பேசுபவருக்குச் சிக்கல் வேறு இடத்தில். மாண்டரினில் ப, த, க போன்ற ஒலிகள் காற்றோடும் காற்றில்லாமலும் இரண்டு விதமாக வரும். தமிழில் காற்றில்லாத ஒலிதான். மாண்டரினில் அப்பாவைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியே தமிழ்ப் "ப". பயப்படுவதைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி அல்ல, அதில் காற்று வெடிக்கும். வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடித்துக்கொண்டு "பால், பாட்டி, பத்து" சொல்லட்டும். தாள் அசையக்கூடாது.

அடுத்தது இரட்டிப்பு. எடு, எட்டு; குடி, குட்டி; பாடு, பாட்டு. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு சொல்லையும் அவர் ஒன்றுபோலவே சொல்லுவார். ஹொக்கியனில் பத்தைக் குறிக்கும் "சாப்" என்ற சொல்லில் கடைசியில் உதடு மூடி அப்படியே நிற்கும் அல்லவா? அந்த நிற்பை ஒரு கணம் பிடித்துவைத்து அடுத்த உயிரெழுத்துக்குத் திறந்தால் "ப்ப" கிடைத்துவிடும். மாண்டரினில் இப்படி மூடி நிற்கும் சொல்லே கிடையாது. காதில் விழுந்த ஹொக்கியன் இங்கே கைகொடுக்கும்.

கத்தி, கட்டி இரண்டும் பிரியாவிட்டால் நாக்கைப் பாருங்கள். ஆங்கிலத்து டி ஒலி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. "த" சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லைத் தொட வேண்டும். "ட" சொல்லும்போது மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். காதால் மட்டும் இதைப் பிடிக்க முடியாது. ஒருநாள் கண்ணாடி முன் உட்கார்ந்து யாராவது காட்டித்தான் ஆகவேண்டும்.

பொத்தோங் பாசிர்க்காரன்:

நன்றி. இரண்டு சந்தேகம். "வந்தா" என்று காதில் விழும்போது வந்தானா வந்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ழகரத்தை இப்போதே வற்புறுத்தலாமா?

குற்றியலுகரம்:

வந்தான் என்று எழுதுகிறோமே தவிர பேச்சில் "ன்" முழுசாக ஒலிப்பதில்லை. நாக்கு மேலே போகாமல் "ஆ" மூக்கு வழியாக வருகிறது. வந்தாள் என்பதில் "ள்" போய்விட்டது, ஆனால் மூக்கொலி இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். வந்தான் அடைபட்டுப்போகும், வந்தா மாறாது. பிறகு "அவன் வந்தான், அவ வந்தா" போல 20 ஜோடி பதிவு செய்து, அவன், அவ என்ற சொற்களை வெட்டி எடுத்துவிட்டுக் கேட்கவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். "வந்தால்" என்பதும் பேச்சில் "வந்தா" தான். அதைப் பின்னால் வரும் சொல்லை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

பேசும்போது இந்தச் சங்கடமே வேண்டாம். பெரியவர்களைப் பற்றிச் சொல்ல "அவங்க வந்தாங்க" ஒன்றே போதும், அப்பாவுக்கும் அதுதான் அம்மாவுக்கும் அதுதான். "நீ" என்பதை முதல் ஆறு மாதம் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். தவறி மாமியாரிடம் "நீ வா" என்று சொல்வதைவிட, நாலு வயதுப் பிள்ளையிடம் "நீங்க வாங்க" என்று சொல்வது எவ்வளவோ மேல்.

ழகரம் இப்போதைக்கு வேண்டாம். "வாளப்பளம்" என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், நம்மிலேயே பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறோம். குறில் நெடிலும் இரட்டிப்பும் பிசகினால்தான் பொருளே மாறும்.

இருமொழிக்காரி:

ழகரத்தில் உடன்படமாட்டேன். நாக்கை மடித்து மாண்டரின் பேசத் தெரிந்தவராக இருந்தால் ழகரத்துக்கு மிகப் பக்கத்தில் ஓர் ஒலி ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது: மாண்டரினில் மனிதனைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி. அதில் உராய்வைக் குறைத்தால் ழ. நம் ஊரில் பலர் நாக்கை மடிக்காமலே மாண்டரின் பேசுவதால் முதலில் கேட்டுப் பாருங்கள். வந்தால் கற்றுக்கொடுக்கலாம், வராவிட்டால் குற்றியலுகரம் சொன்னபடி விட்டுவிடலாம்.

ஒலிக்கூடம்:

என்ன வாக்கியங்களைப் பதிவு செய்வது என்பதற்கும் ஒரு வார்த்தை. முதல் கோப்பை "எனக்கு" என்றே தொடங்குங்கள்: எனக்குத் தெரியும், தெரியாது, புரியல, வேணும், வேணாம், பிடிக்கும், பசிக்குது. ஆங்கிலப் பழக்கத்தில் "நான் தெரியும்", "நான் வேணும்" என்றுதான் வாயில் வரும். "நான் வேணும்" என்று சொல்லிவிட்டால் வீடே சிரிக்கும்.

அடுத்து ஒரு வினையை எடுத்துக்கொண்டு அதன் வாலை மட்டும் மாற்றுங்கள். போகலாம், போகணும், போக வேணாம், போக முடியாது, போகமாட்டேன். "போக" ஒன்று வந்துவிட்டால் ஐந்து வாக்கியம் கையில். இதே அச்சில் வர, சாப்பிட, குடுக்க, பாக்க.

இறந்தகாலத்துக்கு விதி சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள். வாங்க, வந்தேன், போங்க, போனேன், குடுங்க, குடுத்தேன், படிங்க, படிச்சேன் என்று ஜோடியாகவே பதிவு செய்துவிடுங்கள். இறந்தகாலத்தில் த்த, ச்ச வந்தால் நிகழ்காலத்தில் பெரும்பாலும் க்க வரும்: குடுத்தேன், குடுக்கிறேன், படிச்சேன், படிக்கிறேன். ஜோடி மனத்தில் இருந்தால் மூன்றாவது தானாக வரும்.

தேக்கா நடை:

கேட்பதற்கு ஒலி 96.8 தமிழ் வானொலி இருக்கவே இருக்கிறது, ஆனால் செய்தியறிக்கையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அது எழுத்துத் தமிழ், எம்ஆர்டியின் பாதுகாப்பு அறிவிப்பும் அப்படியே. நேயர்கள் தொலைபேசியில் பேசும் பகுதிதான் அவருக்கு வேண்டியது. எல்லாம் புரிய வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் "-ங்க" எத்தனை முறை வந்தது என்று எண்ணினாலே காது திறக்கும்.

மலாய்ச் சொற்களை மறந்துவிட்டீர்களே. கெடாய் நம் கடை, பெத்தி நம் பெட்டி, கப்பால் நம் கப்பல், மங்கா நம் மாங்காய். இங்கே வளர்ந்தவருக்கு இவை முன்பே தெரிந்திருக்கும். முதல் நாளே பத்துச் சொல் கைவசம் இருக்கிறது என்று தெரிந்தால் தெம்பு வரும்.

இன்னொன்று: இந்தியாவில் பதிவான பாடங்கள் ரூபாய், பைசா என்றுதான் சொல்லும். இங்கே வெள்ளி, காசு. கடைசிக் கோப்பைச் சாப்பாட்டுக் கடைக்கென்றே பதிவு செய்து கொடுங்கள்: "அண்ணே, ரெண்டு பரோட்டா கட்டிருங்க. எவ்வளவு?" பதிலையும் சேர்த்துப் பதியுங்கள், வேறு வேறு குரலில், வேறு வேறு தொகையில்: "மூணு வெள்ளி அம்பது காசு", "நாலு வெள்ளி இருவது காசு". தொகையைக் கேட்டவுடன் காசை எடுத்து மேசையில் வைக்கட்டும். சரியாக வைத்தால் அடுத்த சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு அனுப்பிவிடலாம்.