டெஸ்டிங் வேலையில் இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்: அனுபவப் பகிர்வு

பீளமேட்டுக்காரி:
கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஃப்ரெஷர் டெஸ்டர் நேர்காணல். பேனாவை எப்படிச் சோதிப்பாய், லிஃப்டை எப்படிச் சோதிப்பாய் என்ற வழக்கமான கேள்விகள் முடிந்ததும், ஒரு பதிவுப் படிவத்தைத் திறந்து கொடுத்துப் பிழை (பக்) கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வயதுக் கட்டத்தில் 18 முதல் 60 வரை என்றிருந்ததால் 17, 18, 60, 61 ஆகியவற்றை இட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு என் பெயரையே இட்டேன். குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. அப்பாவின் இனிஷியலை இட்டால், குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் காட்டியது. "நம்ம ஊர்ல பாதிப் பேரு இதை நிரப்பவே முடியாதுங்க சார்" என்றேன். "ரிக்வயர்மென்ட்ல (மென்பொருளுக்கான தேவைப் பட்டியலில்) அப்படித்தாம்மா இருக்கு, இது பக் ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைத்துவிட்டது, அது 'பக்' தானா இல்லையா என்பது மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.

நொய்யல்கரை:
டெஸ்டிங் என்றாலே கணினிதான் என்று நினைப்பவர்கள் திருப்பூர்ப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கலாம். நான் சேர்ந்தது பின்னலாடைத் துணிகளைச் சோதிக்கும் லேபில். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பார்க்கும் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடை போடுவதையும், சாயத் துணியைத் தேய்த்துப் பார்ப்பதையும்தான் புதியவர்களிடம் முதலில் ஒப்படைப்பார்கள். அன்று வந்தது நேவி புளூ. சாயம் ஒட்டுகிறதா என்று தேய்த்துப் பார்க்கும் கருவியான க்ராக்மீட்டரின் முனையில் நனைத்த வெள்ளைத் துணியை மாட்டி, முன்னும் பின்னுமாகப் பத்து முறை தேய்த்து எடுத்தபோது, வெள்ளையின் நடுவில் நீலம் வட்டமாக அப்பியிருந்தது. கறையை 1 முதல் 5 வரை மதிப்பிடும் கிரே ஸ்கேலில் (5 என்றால் கறையே இல்லை) வைத்துப் பார்த்தால் 2-3க்கு மேல் கொடுக்க வழியில்லை. பையர் (துணியை வாங்குபவர்) கேட்டிருந்ததோ 3. "ஏனுங்க தம்பி, அரைப் புள்ளிதானுங்களே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றார் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அடர் நிறத்தில், சாயமேற்றிய பின் சோப்பிங் (சோப்புநீரில் அலசுதல்) சரியாக நடக்காவிட்டால், இழையில் பிடிக்காமல் நின்ற சாயம் ஈரத்தில் இப்படித்தான் கிளம்பி வரும் என்பது அவருக்கும் தெரியும். 2-3 என்றே எழுதிக் கையெழுத்திட்டேன். அதே லாட் வேறொரு லேபின் அறிக்கையோடு கப்பலேறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சத்திரோட்டுக்காரன்:
பீளமேட்டுக்காரி அவர்களே, அது பக்தான். ரிக்வயர்மென்ட்டே தவறாக இருக்கக்கூடும் என்பதால்தான், புரோகிராம் எழுதத் தொடங்குமுன்பே டெஸ்டரையும் அதைப் படிக்கச் சொல்கிறார்கள். நேர்காணல் நடத்தியவர் சொன்னதை ஏற்க மாட்டேன். நொய்யல்கரையாரே, உள்ளதை உள்ளபடி எழுதுவதோடு நம் பொறுப்பு முடிந்தது. சரக்கை அனுப்புவது வேறொருவரின் முடிவு.

என் கதை சிறியது: நான் பதிந்த முதல் பக், "என் சிஸ்டத்தில் வேலை செய்கிறது" என்ற ஒற்றை வரியோடு புரோகிராம் எழுதியவரிடமிருந்து திரும்பி வந்தது. யாரும் கேட்கவில்லை என்றாலும் புதியவர்களுக்குச் சொல்கிறேன். எந்த பில்ட் (மென்பொருளின் பதிப்பு), எந்த போன், எந்தெந்தப் படிகள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்பவற்றை எழுதி ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்தால், அந்தப் பதிலை எளிதில் எழுத முடியாது. சிவியரிட்டியையும் (பாதிப்பின் அளவு) பிரையாரிட்டியையும் (திருத்தும் அவசரம்) குழப்பாதீர்கள்: முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தால் சிவியரிட்டி குறைவு, ஆனால் உடனே திருத்தியாக வேண்டும். காந்திபுரத்தில் கோர்ஸ் முடித்தால் வேலை உறுதி என்று பேசுகிறவர்களிடம் அதை எழுத்தில் கேளுங்கள். வேலையில் சேர டெபாசிட் கேட்டாலோ, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ, எழுந்து வந்துவிடுங்கள்.